ஜமால் பாய் மட்டமாக்கிய காசு

ஜமால் முகமது கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பத்தில் நாலாவது பிள்ளை. மூத்தவருக்குக் கடை, அடுத்தவருக்கு அதன் மாடி, மூன்றாமவருக்குச் சின்னசேலத்துக் கிளை என்று பிரித்த பிறகு நாலாமவருக்குக் கொடுக்க ஒரு யோசனைதான் மிச்சம் இருந்தது. "மலை அடிவாரத்துல ஒரு மளிகக் கட கூட இல்ல. நீ போயி வையேன்" என்றார் அவருடைய அத்தா. 1976இல் மனைவி அஸ்ரப் நிஷாவையும் நாலு வயது மகள் பௌசியாவையும் கூட்டிக்கொண்டு கீழ்க்கொட்டாயில் இறங்கினார். கல்வராயன் மலையின் அடியில், பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர் அது.

அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தராசில் ஒரு மிளகாய் கூடுதலாக விழுந்தால் எடுக்க மாட்டார். அதையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வரை வருத்தப்படுவார். இப்படிப்பட்ட மனிதர் ஒரு வாரத்தில் இரண்டு ஊர்களுக்கிடையே தகராறை மூட்டி, ஒரு கல்யாணத்தை நிறுத்தும் அளவுக்குப் போனார் என்றால், அவரைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை.

தொடக்கம் சில்லறைத் தட்டுப்பாடு. எண்பதுகளில் நாலணாவும் எட்டணாவும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற கடைக்காரர்கள் மிட்டாய் கொடுத்துச் சமாளித்தார்கள். ஜமாலின் அண்ணன், மூடிப்போன ஒரு ஓட்டலின் பாத்திரங்களை வாங்கியபோது அதோடு ஒரு சாக்கு நிறைய நீல நிற பிளாஸ்டிக் வில்லைகளும் வந்தன. ஒவ்வொன்றிலும் 'டீ' என்று அச்சடித்திருந்தது. ஜமால் அவற்றை எட்டணாவுக்குப் பதிலாகக் கொடுக்கத் தொடங்கினார்.

மலைமேல், ஜீப் பாதையில் பதினாறு வளைவு தாண்டினால் மேல்கொட்டாய். அங்கே ராணியம்மாள் என்பவர் கடை வைத்திருந்தார். சாமை, புளி, தேன், வாழைத்தார் எல்லாம் அவரிடம்தான். அவருக்கும் சில்லறை இல்லை. கலர் சோடா பாட்டில் மூடிகளைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, ஆணியால் நடுவில் ஒரு ஓட்டை போட்டு, அதை எட்டணாவாகக் கொடுத்தார். ஆக ஒரு வில்லைக்கு ஒரு மூடி. கீழே உள்ளவர்கள் மூடியையும் மேலே உள்ளவர்கள் வில்லையையும் தயங்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஜமாலிடம் மூட்டை தூக்கும் சடையன் மாதம் ஒருமுறை வில்லைகளைக் கீழேயும் மூடிகளை மேலேயும் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றி வருவார். பதினோரு வருஷத்தில் ஜமாலும் ராணியம்மாளும் நேரில் பார்த்துக்கொண்டது இரண்டே தடவை. ஆனால் ஒரு பைசா வித்தியாசம் வந்ததில்லை.

1987 செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை, இடஒதுக்கீடு கேட்டு ஒரு வார சாலை மறியல் தொடங்கியது. வடமாவட்டங்கள் முழுக்க மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். கீழ்க்கொட்டாய்க்கு வந்த முதல் பஸ் கோமுகி அணையைத் தாண்டிய கால் மணி நேரத்தில் அதன் பின்னால் ஒரு புளியமரம் சாய்ந்தது. பஸ் ஊருக்கு வந்து நின்றது, நின்றதுதான்.

அதில் வந்த ஒரே வெளியூர்ப் பயணி தீனதயாளன். எம்.ஏ. பொருளாதாரம். சின்னசேலத்தில் ஒரு டுடோரியலில் பாடம் எடுத்துக்கொண்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்தார். அணையருகே மறியலில் சேருவதற்காகத்தான் அந்த பஸ்ஸில் ஏறினார். வழியில் தூங்கிவிட்டார். கண் விழித்தபோது கடைசி ஊரில் இருந்தார். அவர் சேர வேண்டிய மறியல் அவருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

ஆறு கிலோமீட்டர் திரும்பி நடந்து மரத்தருகே போனார். "யாரையும் தாண்ட வுடறதில்லன்னு முடிவு" என்றார்கள் அங்கிருந்தவர்கள்.

"நானும் மறியலுக்குத்தாங்க வந்தேன்."

"அப்ப அந்தப் பக்கத்துலயே இரு. மறியல்னா ரெண்டு பக்கமும்தான்."

தீனதயாளன் திரும்பி வந்து ஜமால் கடையில் டீ குடித்தார். அவர் தோளில் ஒரு பை. அதில் அவரே எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்த 'பொருளாதாரம் எளிது' என்ற பரீட்சை வழிகாட்டி நாற்பது பிரதி. மறியலில் விற்கலாம் என்று கொண்டு வந்திருந்தார்.

ஜமாலுக்கு அன்று வேறு கவலை. சனிக்கிழமைச் சந்தைக்கு அனுப்ப வாங்கி வைத்த சின்ன வெங்காயம் எட்டு மூட்டை கடையில் கிடந்தது. லாரி வராது. வெள்ளிக்கிழமையே ஒரு மூட்டையின் அடியிலிருந்து ஈரம் கசிந்தது. கீழ்க்கொட்டாயில் முப்பது குடும்பம். எட்டு மூட்டையைத் தின்று தீர்க்க அவர்களால் முடியாது. மேல்கொட்டாயில் நூற்றைம்பது குடும்பம், ஆனால் கிலோ மூன்று வில்லை கொடுத்து அவர்கள் வாங்குவதில்லை.

"வெலய கொறச்சிடலாம்னு பாக்கறேன் சார்" என்றார் ஜமால்.

தீனதயாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெலய கொறைக்காதீங்க பாய். கொறச்சா இங்க இருக்கறவங்களும் கம்மிக்கி வாங்குவாங்க, உங்களுக்குத்தான் நஷ்டம். உங்க வில்லைய மட்டமாக்குங்க."

"பிளாஸ்டிக்குதானே சார். ஏற்கெனவே மட்டம்தான்."

"அது இல்ல. இப்ப ஒரு மூடிக்கு ஒரு வில்ல. இனிமே ரெண்டு மூடி கொண்டாந்தா மூணு வில்லன்னு சொல்லுங்க. மேல இருக்கறவன் மூணு வில்ல வெங்காயத்த ரெண்டு மூடிக்கி வாங்குவான். இங்க அதே வெலதான். ஜப்பான்காரன் இப்படித்தான் பாய் முன்னுக்கு வந்தான். அவன் யென்ன கம்மியா வெச்சிருந்தான். அமெரிக்காவுல அவன் காரு மலிவு, ரேடியோ மலிவு. அமெரிக்காக்காரன் கம்பெனியில ஆளுக்கு வேல இல்ல. ரெண்டு வருசம் முன்னாடிதான் கூப்ட்டு ஒக்கார வெச்சி, யென்ன ஏத்துன்னு சொன்னாங்க."

"ஏத்துனானா?"

"ஏத்துனான்."

"அதுக்குள்ள காரெல்லாம் வித்துட்டானா?"

"அதேதான்."

ஜமால் ஒரு வில்லையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "மேல ராணிம்மா இன்னா நெனப்பாங்க?"

"அவங்க அமெரிக்கா பாய். புரியறதுக்கு நாளாவும்."

சனிக்கிழமை காலையில் ஒரு சிலேட்டில் 'மூடி 2 = வில்லை 3' என்று எழுதிக் கடை வாசலில் மாட்டினார். பஸ் கண்டக்டர் கண்ணாயிரம், செய்ய வேலையில்லாமல் இருந்தவர், தானாகவே மலையேறிச் சேதியைச் சொல்லிவிட்டு வந்தார். மத்தியானத்துக்குள் மேல்கொட்டாய் பாதி ஊர் இறங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டு மூட்டையும் காலி. வெங்காயத்தோடு வெல்லமும் கருவாடும் போயின. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜமால் கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அஸ்ரப் நிஷா ஒரு தவலையை இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். அது நிறைய மூடிகள்.

"இத இன்னாங்க பண்றது?"

"அது கையிருப்பு" என்றார் தீனதயாளன். "எல்லா நாடும் வெச்சிருக்கும்."

"கொழம்பு வெக்க முடியுமா?"

நிஷா கணவரைப் பார்த்து மெல்லச் சொன்னார். "சடையன் பொண்டாட்டி சாமை வாங்க மேல போயிட்டு வந்தா. படி நாலு மூடிதான், வெல மாறல. ஆனா நீங்க மூணு வில்லைக்கி ரெண்டு மூடிதான் தர்றீங்கன்னு அந்தம்மா அதே கணக்குல ஆறு வில்ல கேட்டிருக்குது. நேத்து வரைக்கும் நாலு. உங்ககிட்ட மூட்ட தூக்கறவனுக்குக் கூலி மட்டும் அதே பத்து வில்ல. நம்ம ஊரு சனம் கஞ்சிக்கி ஜாஸ்தி குடுத்து, மேல இருக்கறவங்களுக்கு வெங்காயத்த மலிவா அனுப்பிக்கினு இருக்குது. இது யாரு யாருக்குப் பண்ற உபகாரம்?"

ஜமால் சடையனுக்கு அன்றே கூலியை இரண்டு வில்லை கூட்டினார். ஆனால் சிலேட்டை அழிக்கவில்லை. வெங்காயம் விற்ற மகிழ்ச்சி அவருக்குப் புதிது.

அன்று ஏழேகால் மணிச் செய்தியில் பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு, சாவு, குடிசைகளுக்குத் தீ என்று ரேடியோ சொன்னது. சொன்ன ஊர்களில் ஒன்று தீனதயாளனின் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அவர் எழுந்து போய் நின்றிருந்த பஸ்ஸுக்குள் தனியாக உட்கார்ந்தார். நிஷா கொடுத்தனுப்பிய சோறு அப்படியே திரும்பி வந்தது. மறுநாளிலிருந்து அவர் முன்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டார். கை சும்மா இருந்தால் அவரால் தாங்க முடியவில்லை என்று தோன்றியது.

அமெரிக்காவுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. ராணியம்மாளின் கடையில் இரண்டு நாளாக ஈ ஓட்டினார்கள். முப்பது வாழைத்தார் பழுத்துக் கறுத்துக்கொண்டிருந்தன. மேலே இருந்த மூடிகளெல்லாம் கீழே ஜமாலின் தவலையில் இருந்தன. திங்கட்கிழமை காலையில் ராணியம்மாள் தன் கடைக் கதவில் கரியால் எழுதினார்: ஒரு வில்லைக்கு இரண்டு மூடி.

கீழ்க்கொட்டாய் சனம் வாழைப்பழமும் சாமையும் வாங்க மலையேறியது. கண்ணாயிரமும் ஏறினார். ஆனால் அவர் வாங்கப் போகவில்லை. டிக்கெட் கிழித்துக் கிழித்து அவருக்கு மனக்கணக்கு சுத்தம். இரண்டு மூடியைக் கீழே கொடுத்தால் மூன்று வில்லை. அந்த மூன்று வில்லையை மேலே கொடுத்தால் ஆறு மூடி. ஒரு பொருளும் வாங்காமல், விற்காமல், சும்மா ஏறி இறங்கினாலே மூன்று மடங்கு. பத்து மூடியோடு கிளம்பினார். ஏறி இறங்கி ஏற நாலு மணி நேரம். திங்கள் பொழுது சாய்வதற்குள் தொண்ணூறு மூடி தோல் பையில் குலுங்கின.

செவ்வாய்க்கிழமை இரண்டு ஊரும் வேலைக்குப் போகவில்லை. எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள். ஏறுகிறவர்கள் மடியில் வில்லையும் இறங்குகிறவர்கள் மடியில் மூடியும் இருந்தன. வளைவுகளில் எதிர்ப்பட்டால் நலம் விசாரிக்காமல் விலை விசாரித்தார்கள். நடுவில் விலையும் மாறியது. மேலே ஒரு வில்லைக்கு மூன்று மூடி என்றால் கீழே ஒரு மூடிக்கு இரண்டு வில்லை, கீழே நாலு என்றால் மேலே ஐந்து. இரண்டு கடைக்காரர்களும் தங்கள் காசுதான் மட்டம் என்று ஒருவரையொருவர் மிஞ்சிக்கொண்டு சாதித்தார்கள். "எங்கிது உங்கிதவிட கேவலம்" என்பது ஒரு ஊருக்குப் பெருமையாகிப் போனது அப்போதுதான்.

முதலில் ஜமாலுக்கு வில்லை தீர்ந்தது. தீனதயாளன் தயங்காமல் தன் பையைத் திறந்தார். 'பொருளாதாரம் எளிது' புத்தகத்தின் தாள்களை நாலாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் 'ஒரு வில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பணவீக்கம் பற்றிய பாடம் முதலில் போயிற்று, அது முன்பக்கத்தில் இருந்ததால். மேலே மூடி தீர்ந்தபோது ராணியம்மாள் ஆள் அனுப்பினார். மறியலுக்கு முந்தின நாள் வந்து, கீழ்க்கொட்டாய்க்கு வெளியே நின்றுபோன கலர் சோடா லாரி ஒன்று இருந்தது. டிரைவர் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து கலரைச் சாலையில் ஊற்றிவிட்டு மூடியை மட்டும் விற்றார். குடிக்க ஆள் இல்லை. மூடிதானே வேண்டும். லாரிக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது. ஊர் ஆடுகள் அங்கேயே கூடிவிட்டன.

செவ்வாய் சாயங்காலம் ராணியம்மாள் எட்டாம் வளைவில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டினார். கீழேயிருந்து வரும் எந்தச் சரக்கிலும் பத்துக்கு ஒன்று அங்கே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அரை மணி நேரத்தில் ஜமால் தரப்பும் அதற்குப் பத்தடி கீழே இன்னொரு மூங்கிலைக் கட்டியது. இரண்டு மூங்கிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எந்தப் பக்கம் போனாலும் பத்தில் ஒன்றை இழந்தார்கள்.

இதில்தான் கல்யாணம் வந்தது. மூட்டை தூக்கும் சடையன் மலைக்காரர், கீழே வந்து குடியேறியவர். அவர் மகள் ஆண்டாளை ராணியம்மாளின் மகன் சின்னதுரைக்குப் பேசி, புதன்கிழமை கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரியம் கொடுக்க வேண்டும். நூற்றொரு ரூபாய். பஸ் நின்று ஊருக்குள் ரூபாய் நோட்டும் வராததால் இருநூற்றிரண்டு மூடி என்று மறியலின் முதல் நாளே ஒத்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை காலையில் ராணியம்மாள் ஒரு பானையில் இருநூற்றிரண்டு மூடியை எண்ணி அனுப்பினார். அன்றைய விலைக்கு அது இரண்டு சீப்பு வாழைப்பழம்.

சடையன் பானையைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு வார்த்தையும். "வியாயக்கெழம ஒரு வெலயும் புதங்கெழம ஒரு வெலயும் ஆவறதுக்கு எம் பொண்ணு மூடி இல்ல."

அதற்குப் பிறகு அவர் நேரே ஜமால் கடைக்கு வந்தார். கத்தவில்லை. பதினோரு வருஷமாக மூட்டை இறக்கிய இடத்தில் நின்று, "பாய், நீங்க நல்லவரு. அதனாலதான் கேக்கறேன். உங்களுக்கு இன்னா கொற?" என்றார்.

ஜமால் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "நிஷா, வா. மேல போலாம்."

தீனதயாளனும் கூட வந்தார். "யென்ன ஏத்தச் சொல்லி நியூயார்க்ல அஞ்சு நாட்டு மந்திரிங்க இப்படித்தான் ஓட்டல்ல கூடிப் பேசினாங்க" என்று வழியில் சொன்னார். ஜமாலுக்கு மூச்சு வாங்கியது. பதினோரு வருஷத்தில் அவர் மலையேறியது அதுவே முதல் தடவை.

ராணியம்மாளும் இறங்கி வந்திருந்தார். இரண்டு மூங்கிலுக்கும் நடுவே இருந்த பத்தடியில் எல்லோரும் நின்றார்கள். உட்கார இடமில்லை. தீனதயாளன் இரு தரப்பு உடன்படிக்கை ஒன்றைத் தன் புத்தகத்தின் கடைசி அட்டையில் எழுதி வைத்திருந்தார். அதை வாசிக்கத் தொண்டையைக் கனைத்தார். ராணியம்மாள் அவரைக் கையமர்த்தினார்.

"பாய், ஒண்ணு கேக்கறேன். எதுக்கு இத ஆரம்பிச்சீங்க?"

"வெங்காயம் அழுவிக்கினு இருந்துச்சு ராணிம்மா."

"எத்தன மூட்ட?"

"எட்டு."

"கல்யாணம் வெச்சிருக்கறேன். முந்நூறு எல. வெங்காயத்துக்கு எங்க போறதுன்னு நான் முழிச்சிக்கினு இருந்தேன். சடையன்கிட்ட ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா நாலு மூட்ட நானே எடுத்திருப்பேன். மீதிய வீட்டுக்கு வீடு தள்ளி வுட்டிருப்பேன்."

ஜமால் தரையைப் பார்த்தார். "கேக்கத் தோணல."

"எனக்கும்தான் தோணல" என்றார் ராணியம்மாள். "வாழத்தாரு கறுக்குதுன்னு ஒங்களுக்குச் சொல்லியிருக்கலாம். கோவத்துல கரிய எடுத்துட்டேன்."

முடிவைச் சொன்னவர் நிஷா. நீல வில்லையும், மறியலுக்கு முன்னாலிருந்து புழங்கித் துருவேறிய மூடியும் மட்டும் செல்லும், ஒன்றுக்கு ஒன்று. புது மூடியும் புத்தகத் தாளும் செல்லாது. கண்ணாயிரத்துக்கு மட்டும் இது பேரிடியாக இருந்தது. அப்போது அவரிடம் எட்டாயிரத்துச் சொச்சம் புது மூடிகள் இருந்தன. பஸ்ஸின் பின்சீட்டு முழுக்க மூட்டை கட்டி அடுக்கியிருந்தார்.

"அஞ்சு தபா ஏறி எறங்கியிருக்கறேன். காலு வீங்கிப் போச்சு. அதுக்கு யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்டார். ராணியம்மாள் ஒரு வாழைத்தாரைக் கொடுத்தார். அவர் அதை வாங்கி, நடுவில் நின்றிருந்த எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார்.

பரியத்துக்குச் சடையன் காசே வேண்டாம் என்றுவிட்டார். ஒரு மூட்டை சாமையும் ஒரு சினை ஆடும் கேட்டார். ஆட்டைக் கீழ்க்கொட்டாயிலேயே வாங்கிக் கொடுத்தார்கள். லாரிக்குப் பின்னால் மேய்ந்த ஆடு என்பதால் வாயெல்லாம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. கல்யாணம் பொழுது சாய்வதற்குள் முடிந்தது. வெங்காயமில்லாத குழம்பு. சனி, ஞாயிறில் வாங்கிய வெங்காயத்தை ஊரே ஏற்கெனவே தின்று தீர்த்திருந்தது.

வியாழக்கிழமை மரத்தை அகற்றினார்கள். தீனதயாளன் முதல் பஸ்ஸில் ஏறி நேரே அக்கா ஊருக்குப் போனார். அக்கா உயிரோடு இருந்தார். அடுத்த தெருவில் இரண்டு பேர் இல்லை. இதை அவர் ஜமாலுக்கு ஒரு கார்டில் எழுதினார். பொருளாதாரம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஒதுக்கீடு வந்தது. அதன்பின் எழுதிய பரீட்சையில் தேறிக் கூட்டுறவுத் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது. அவர் புத்தகம் இரண்டாம் பதிப்பு வரவில்லை.

1990இல் பௌசியாவைச் சிங்கப்பூரில் வேலை பார்த்த பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஜமால் கீழ்க்கொட்டாய்க் கடையைச் சடையனின் மருமகன் சின்னதுரைக்கு விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே பிளாஸ்டிக் குடம் விற்க வந்தார். ஜூலையில், மூன்று நாளுக்குள் இரண்டு தடவை அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டீக்கடையில் எல்லோரும் பேப்பரைப் பிரித்துக்கொண்டு கத்தினார்கள். ஜமால் மட்டும் கணக்குப் போட்டார். சிங்கப்பூர் மருமகன் அனுப்பும் அதே டாலருக்கு இனி ரூபாய் அதிகம் வரும். குடம் செய்கிற பிளாஸ்டிக் வெளிநாட்டிலிருந்து வருவதால் அதன் விலையும் ஏறும்.

வீட்டுக்கு வந்து நிஷாவிடம் இரண்டையும் சொன்னார். "இப்ப நான் சந்தோசப்படறதா, வருத்தப்படறதா?" என்று உண்மையாகவே கேட்டார்.

நிஷா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "மொதல்ல சட்டய கழட்டி மாட்டுங்க. வேர்த்துக் கொட்டுது" என்றார்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தானும் கல் பொறுக்கினார்.